சும்மா உக்காந்திருக்கறப்பவே கழுத்து வெடைக்குதா? கவனிங்க

நான் பிசியோதெரபிஸ்ட், வேலூர்ல பிராக்டிஸ். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கமிருந்து வர்ற பெரியவங்கள்ல வருஷக்கணக்கா பீடி குடிச்சவங்க நிறைய. "இன்னா சார் இது, ரெண்டு எட்டு வெச்சா மூச்சு வாங்குது, நுரையீரல் சுருங்கிப்போச்சா"ன்னு கேப்பாங்க. இவங்களுக்கு பெரும்பாலும் விஷயமே தலைகீழ், இழுத்த காத்து முழுசா வெளிய போகாம தேங்கி நுரையீரல் உப்பிப்போய் கெடக்கும்.

நுரையீரல் தானா விரியாதுங்க, தசைங்கதான் அத விரிக்குது. அதுல பெரிய வேல நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானத்துக்கு, டாக்டருங்க டயாப்ரம்னு சொல்றது. கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி மேல வளைஞ்சிருக்கும், மூச்சு இழுக்கறப்ப சுருங்கி கீழ எறங்கும், அதான் வயிறு முன்னாடி வருது, அதே நேரத்துல விலாவுக்கு நடுவுல இருக்கற தசைங்க விலாவ தூக்கிவிடும், உள்ள இடம் பெருசாகி அழுத்தம் குறைஞ்சதும் காத்து வந்துடும். சும்மா இருக்கறப்ப ஒரு மூச்சுக்கு சுமார் அரை லிட்டர், நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 தடவ. வெளிய விட தசை தளர்ந்தாலே போதும். இருமறப்பவோ சோளிங்கர் மலை ஏறறப்பவோதான் வயித்துத் தசையும் சேந்து அழுத்தும்.

காத்து தேங்கினா அந்த கிண்ணம் தட்டையாயிடும். ஏற்கனவே தட்டையானது இன்னும் எங்க எறங்கறது? அப்பதான் கழுத்துத் தசைங்க வேலைக்கு வருது. ஓடிட்டு வந்தா யாருக்கும் அப்படித்தான், ஆனா உக்காந்து டீ குடிக்கறப்பவே காதுக்குப் பின்னாடி இருந்து நெஞ்செலும்பு வரைக்கும் தசை வெடச்சு நிக்குது, ஒவ்வொரு மூச்சுக்கும் காரை எலும்புக்கு மேல குழி விழுதுன்னா அது சரியில்ல. முட்டி மேல ரெண்டு கையயும் ஊனி குனிஞ்சே உக்காந்திருப்பாங்க, வீட்ல வயசாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க.

இவங்களுக்கு நான் மொதல்ல சொல்லித்தர்றது இழுக்கறது இல்ல, விடறது. மூக்கால இழுத்து, உதட்ட குவிச்சு, இழுத்தத விட ரெண்டு மடங்கு நேரம் மெதுவா ஊதணும். சிலர் மெடிக்கல்ல மூணு பந்து மெஷின், அதாவது மூச்ச இழுத்தா உள்ள பந்து மேல ஏறுமே அது, வாங்கிட்டு வந்து நிப்பாங்க, அது பெரும்பாலும் ஆபரேஷன் ஆனவங்களுக்கு குடுக்கறது, எல்லா மூச்சு வாங்கறதுக்கும் அது வேல செய்யாது. பீடிய விடாம வெறும் பயிற்சி மட்டும் போதாது, அது தனி கத.

சின்ன பசங்களுக்கு மூச்சு இழுக்கறப்ப விலாவுக்குக் கீழ சதை உள்ள போச்சுன்னா மந்திரிக்க தூக்கிட்டு ஓடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. பெரியவங்க ஒரு வரி முழுசா பேச முடியாம திணறினாலோ உதடு நீலம் பாஞ்சாலோ உடனே 108.