ஓபியாய்டு ஓவர்டோஸ்: மூச்சு ஏன் நிற்கிறது, நலாக்சோன் அதை எப்படி மீட்கிறது?

ஹெராயின், மார்ஃபின், ஃபென்டானில் போன்ற ஓபியாய்டுகள் (அபின் வகை வலிநீக்கி, போதை மருந்துகள்) அளவு மீறினால் முதலில் நிற்பது இதயம் அல்ல, மூச்சு. மூச்சு நின்ற பிறகும் சில நிமிடங்கள் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் இல்லாமல் நான்கைந்து நிமிடம் போனால் மூளைச் செல்கள் சாகத் தொடங்கிவிடும். ஒருவரைக் காப்பாற்ற முடியுமா என்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள ஒரு சிறு நரம்புச் செல் கூட்டம்தான் மூச்சின் தாளத்தை உண்டாக்குகிறது. அதை முடுக்கிவிடுவது முக்கியமாக ஆக்சிஜன் குறைவதல்ல. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவது. மூச்சை அடக்கும்போது நெஞ்சு முட்டுவது அதனால்தான். அந்தச் செல்களிலும், கார்பன் டை ஆக்சைடை உணரும் அமைப்பிலும் ‘மியூ’ என்ற ஓபியாய்டு ஏற்பிகள், அதாவது மருந்து வந்து ஒட்டும் இடங்கள், இருக்கின்றன. மருந்து அங்கே போய் ஒட்டிக்கொண்டால் தாளம் மந்தமாகிறது, நெஞ்சு முட்டும் உணர்வும் மழுங்குகிறது. திணறல் தெரியாததால் அந்த ஆள் விழித்துக்கொள்வதும் இல்லை. தூங்குகிறார் என்று மற்றவர்கள் விட்டுவிடுவதற்கும் இதுவே காரணம்.

பழகிய உடம்பு தாங்கிக்கொள்ளும் என்பது பாதி உண்மை. போதைக்கு உடம்பு வேகமாகப் பழகுகிறது, மூச்சு மந்தமாவதற்கு அவ்வளவு வேகமாகப் பழகுவதில்லை. அதனால் அளவைக் கூட்டக் கூட்ட, போதைக்கும் மரணத்துக்கும் உள்ள இடைவெளி குறுகுகிறது. நிறுத்திவிட்டால் பெற்ற தாங்குதிறனும் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரங்கள் மிக ஆபத்தானவையாக இருப்பது இதனால்தான்: கை பழைய அளவையே எடுக்கிறது, உடம்பு பழைய உடம்பாக இல்லை. மதுவையும் டயாஸெபாம், அல்ப்ரஸோலாம் வகைத் தூக்க மாத்திரைகளையும் சேர்த்தால் ஆபத்து பல மடங்காகும். அவை ‘காபா’ என்ற, நரம்புகளை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் வழியாக அதே மூச்சு மையத்தை அடக்குகின்றன.

ஃபென்டானில் மார்ஃபினைப் போல ஏறத்தாழ 100 மடங்கு வீரியமுள்ளது. தெருவில் விற்கும் போதைப் பொடியில் அது சீராகக் கலந்திருக்காது; ஒரு மூலையில் எடுத்ததில் ஒன்றும் இல்லாமலும், மறு மூலையில் உயிர் போகும் அளவும் இருக்கலாம். பொடியில் ஃபென்டானில் இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனைப் பட்டைகளின் பயனும் போதாமையும் இதிலிருந்தே வருகின்றன. பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பட்டையை நனைத்தால் சில நிமிடங்களில் கோடு தெரியும். கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறாக, இதில் ஒரு கோடு என்றால் ஃபென்டானில் இருக்கிறது, இரண்டு கோடு என்றால் தென்படவில்லை. இதைத் தலைகீழாகப் படித்துவிடுவது எளிது. மெத்தாம்ஃபெட்டமைன், எம்டிஎம்ஏ ஆகிய வேறு வகைப் போதைப்பொருள்களை அடர்த்தியாகக் கரைத்தால் இல்லாத ஃபென்டானிலையும் இருப்பதாகக் காட்டும். கூடுதலாக நீர் சேர்க்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பதைப் பட்டை சொல்லாது. இரண்டு கோடு வந்தாலும் அதைப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓவர்டோஸை அறிய மூன்று அடையாளங்கள்: எழுப்பினாலும் எழாத மயக்கம், மிக மெதுவான அல்லது நின்றுபோன மூச்சு, குண்டூசி முனைபோல் சுருங்கிய கண்மணி. தொண்டையில் களகளவென்ற சத்தமோ விநோதமான குறட்டையோ கேட்டால் அதுவும் எச்சரிக்கை. ஆக்சிஜன் குறைவால் தோல் நீலம் பூப்பது கருநிறத் தோலில் தெரியாது. உதட்டின் உட்புறம், ஈறு, நகக்கண் ஆகியவை சாம்பல் நிறமாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மார்பெலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் அசைவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நலாக்சோன் கொடுக்க வேண்டும்.

1961-இல் காப்புரிமை கோரப்பட்ட இந்த மருந்து, ‘மியூ’ ஏற்பியோடு பெரும்பாலான ஓபியாய்டுகளைவிட இறுக்கமாக ஒட்டும், ஆனால் அதை இயக்காது. பூட்டில் நுழைந்தும் திரும்பாத சாவியைப் போல அது இடத்தை அடைத்துக்கொள்ள, ஓபியாய்டு வெளியே தள்ளப்படுகிறது. மூக்குத் தெளிப்பான் என்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முனையை ஒரு துளையில் முழுதாக நுழைத்து, அடிப்பிடியை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். மூக்கின் சவ்வு வழியாகவே மருந்து ஏறுவதால் அவர் மூச்சை இழுக்க வேண்டியதில்லை. சரியாக வருகிறதா என்று முன்கூட்டியே அழுத்திப் பார்ப்பவர்கள் மருந்து முழுவதையும் காற்றில் விட்டுவிடுகிறார்கள். அதில் இருப்பது ஒரே டோஸ். ஊசி என்றால் 0.4 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில், துணிக்கு மேலேயே போடலாம்.

மருந்து வேலை செய்ய 2 முதல் 3 நிமிடம் ஆகும். அதுவரை கைகட்டி நிற்கக் கூடாது. தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, 5 வினாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நெஞ்சு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். நாடியே இல்லை என்றால் மார்பு அழுத்தமும் வேண்டும். 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் மறு துளையில் இரண்டாவது டோஸ். குளிர்ந்த நீரை ஊற்றுவது, வாயில் பால் புகட்டுவது, உப்புநீர் ஊசி போடுவது, தூக்கி நடக்க வைப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும். சில மூச்சுக்குழாயையே அடைக்கும்.

நம் குறி மூச்சு, விழிப்பு அல்ல. மதுவும் தூக்க மாத்திரையும் கலந்திருந்தால் நலாக்சோனுக்குப் பிறகு மூச்சு சீராகும், ஆள் தூங்கிக்கொண்டேதான் இருப்பார். அப்போது டோஸ் மேல் டோஸ் கொடுப்பதில் பலனில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி முன்னால் ஊன்றி, வாந்தி வந்தால் வெளியே ஒழுகும்படி முகத்தைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். விழித்தவர் நடுக்கம், குமட்டல், எரிச்சலோடு எழலாம். அது ஓபியாய்டு திடீரென விலகியதன் விளைவு. அதைத் தணிக்க அவர் மீண்டும் மருந்தெடுக்க முயலாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நலாக்சோனின் பலன் 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மெத்தடோன் போன்ற ஓபியாய்டுகள் அதற்குப் பிறகும் பல மணி நேரம் உடலில் இருக்கும். காலியான ஏற்பிகளில் அவை திரும்ப ஒட்டினால் மூச்சு மறுபடி தளரும். எழுந்து பேசினாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பில் வைப்பது இதற்காகத்தான்.