ஒரு தேற்றம், மூன்று முற்றொருமைகள்

முக்கோணவியலைப் புதிதாகக் கற்கும் மாணவர்களிடம் மூன்று முற்றொருமைகளை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதுண்டு. பிதாகரஸ் தேற்றம் ஒன்றையே மூன்று விதமாக வகுத்தால் அம்மூன்றும் கிடைத்துவிடும் என்பதை முதல் நாளிலேயே காட்டிவிட்டால், மனப்பாடத்துக்குத் தேவையே இராது.

முதலில் ஒரு சொல் விளக்கம். ‘சைன் அ = கொசைன் அ’ என்பது சமன்பாடு; குறுங்கோணங்களுள் 45 பாகைக்கு மட்டுமே அது பொருந்தும். முற்றொருமையோ, அதன் இரு பக்கங்களுக்கும் மதிப்பு உள்ள எல்லாக் கோணங்களுக்கும் பொருந்தும்.

செங்கோண முக்கோணம் ஒன்றில் அ என்ற குறுங்கோணத்தின் எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தால்) வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கொசைன், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேன்ஜென்ட். எதிர்ப்பக்கத்தின் வர்க்கத்தையும் அடுத்துள்ள பக்கத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் வரும் என்கிறது பிதாகரஸ் தேற்றம். அதை முழுவதுமாகக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தால், பக்கங்களின் நீளங்கள் மறைந்து கோணம் மட்டுமே எஞ்சுகிறது:

சைன்² அ + கொசைன்² அ = 1

பக்கங்கள் 3, 4, 5 எனில், 9/25 + 16/25 = 1. பக்கங்களை நூறு மடங்கு பெரிதாக்கினாலும் இந்தப் பின்னங்கள் மாறுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கொசைன், சைன், டேன்ஜென்ட் ஆகியவற்றின் தலைகீழிகள் முறையே சீகண்ட், கோசீகண்ட், கோடேன்ஜென்ட். அதே தேற்றத்தை அடுத்துள்ள பக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1 + டேன்ஜென்ட்² அ = சீகண்ட்² அ என்பதும், எதிர்ப்பக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1 + கோடேன்ஜென்ட்² அ = கோசீகண்ட்² அ என்பதும் கிடைக்கின்றன. பூச்சியத்தால் வகுக்க இயலாததால், முன்னது 90 பாகைக்கும் பின்னது 0 பாகைக்கும் பொருந்தா.

இங்கே மாணவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவார்கள். சைன்² அ என்பது சைன் மதிப்பின் வர்க்கம். கோணத்தை வர்க்கப்படுத்தக் கூடாது. அதேபோல், வர்க்கங்களின் கூடுதல் 1 என்பதால் சைனையும் கொசைனையும் நேராகக் கூட்டினாலும் 1 வரும் என்று எண்ணிவிடக் கூடாது. 30 பாகைக்கு அவை 0.5, 0.866, கூடுதல் 1.366.

குறுங்கோணத்தைத் தாண்டியும் இது பொருந்துமா என்ற கேள்விக்கு ஓரலகு வட்டம் விடை தருகிறது. ஆதிப்புள்ளியை மையமாகவும் 1 அலகை ஆரமாகவும் கொண்ட அவ்வட்டத்தில், கோணம் அ குறிக்கும் புள்ளியின் கிடைத்தொலைவு கொசைன், செங்குத்துத் தொலைவு சைன் என்று வரையறுக்கிறோம்; மையத்துக்கு இடப்புறமும் கீழ்ப்புறமும் உள்ள தொலைவுகளுக்குக் குறைக்குறி இடுகிறோம். வட்டத்தின் எந்தப் புள்ளியும் மையத்திலிருந்து 1 அலகு தொலைவில் இருப்பதால், முதல் முற்றொருமை எல்லாக் கோணங்களுக்கும் நிற்கிறது. ஆனால் சைன் 3/5 என்று மட்டும் தெரிந்தால் கொசைன் 4/5 ஆகவும் இருக்கலாம், −4/5 ஆகவும் இருக்கலாம். கோணம் 90 பாகைக்கும் 180 பாகைக்கும் இடைப்பட்டது என்று தெரிந்தால்தான் −4/5 என்று உறுதியாக எழுத முடியும்.