கிணற்றை மூடுவதற்கு முன் மழைக் கணக்கைப் போடுங்கள்

"சார், தொட்டி எங்கோ கசிகிறது, வந்து பாருங்கள்" என்று போன வாரம் ஒரு தோட்ட வீட்டுக்காரர் அழைத்தார். 20,000 லிட்டர் நிலத்தடித் தொட்டி, கட்டி அதிக நாள் ஆகவில்லை. குழாய்களையெல்லாம் அடைத்து, நீர்மட்டத்தைச் சுவரில் குறித்து, ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். குறித்த கோட்டிலேயே தண்ணீர் நின்றது. தொட்டியில் ஒரு குறையும் இல்லை, நல்ல வேலை. கூரையிலிருந்து வரும் மழைநீரைத் தவிர அதற்கு வேறு வரத்தே கிடையாது என்பதுதான் சிக்கல். பக்கத்தில் ஒரு பழைய கிணறு இருந்திருக்கிறது. "தொட்டிதான் வந்துவிட்டதே, இனி அது எதற்கு" என்று தோண்டிய மண்ணை அதில் தள்ளி மூடிவிட்டார்கள். இப்போது டேங்கர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள்.

இப்படி நான் பார்க்கும் முதல் வீடு இது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொட்டி தண்ணீர் தராது. கொடுத்த தண்ணீரை வைத்திருக்கும், அவ்வளவுதான். கிணற்றுக்கு ஊற்று இருக்கிறது. இறைத்தால் மெதுவாகவாவது திரும்ப ஊறும். தொட்டியின் சுவரும் அடித்தளமும் தண்ணீர் புகாதபடி கட்டப்பட்டவை. எங்கிருந்து ஊறும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த நிமிடமே, "அப்போ 40,000 லிட்டராகக் கட்டிவிடலாமா?" என்கிறார்கள். கூரை பிடித்துத் தரும் மழையைத் தேக்கி வைக்கும் அளவு வரைதான் பெரிய தொட்டியால் பயன். அதற்கு மேல் போடுகிற கான்கிரீட் எல்லாம் காலி இடத்துக்குச் சுவர்.

கணக்கு கடினமானது இல்லை. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்றால் 80,000 லிட்டர். தெறிப்பு, ஆவி, கூரையைக் கழுவ விடும் முதல் மழை எல்லாம் போக 80 சதவீதம் கைக்கு வந்தால் 64,000 லிட்டர். இனி செலவைப் பாருங்கள். ஒருவருக்கு அடிப்படைத் தேவைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு 1,82,500 லிட்டர். கூரை தருவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். வெயில் நாளில் ஒரு கறவை மாடே 60, 70 லிட்டர் குடித்துவிடும். செடி கொடிகளை நான் சேர்க்கவே இல்லை.

வருட மழையைப் பார்த்தால் மட்டும் போதாது. மழை இல்லாத நாட்கள் தொடர்ந்தாற்போல் எத்தனை என்பதுதான் தொட்டியின் அளவைத் தீர்மானிக்கும். பெர்முடா தீவில் ஆறு கிடையாது. அங்கே வீட்டுக் கூரையில் விழும் மழையை அடியிலுள்ள தொட்டியில் பிடித்துத்தான் காலங்காலமாக வாழ்கிறார்கள், அதற்குச் சட்டமே இருக்கிறது. அங்கே மழை ஆண்டு முழுக்கப் பரவலாகப் பெய்கிறது என்பதை மறந்துவிட்டு, நான்கு மாதம் சொட்டு விழாத இடத்தில் அதே போலக் கட்டினால் எப்படி? இஸ்தான்புல்லில் 6ஆம் நூற்றாண்டில் கட்டிய பசிலிக்கா நிலத்தடித் தொட்டி சுமார் 80,000 கன மீட்டர் கொள்ளும். அதற்கும் ஊருக்கு வெளியிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்தது. வரத்தை முடிவு செய்துவிட்டுத்தான் அவர்கள் தொட்டியைத் தோண்டினார்கள்.

அப்படியானால் தொட்டியே வேண்டாமா? வேண்டும். இரண்டு இடத்தில் அது அருமையாக உதவும்.

ஒன்று, குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஆளுக்கு 10 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு நாளைக்கு 50 லிட்டர். நான்கு மாத வறட்சிக்கு 6,000 லிட்டர் போதும். கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீட்டுக்கு இந்தச் சின்னத் தொட்டி பெரிய நிம்மதி.

இரண்டாவது, ஊற்று குறைந்த கிணற்றுக்குத் துணையாக. நிமிடத்துக்கு 3 லிட்டர் ஊறும் கிணற்றை "செத்த கிணறு" என்று எழுதிவிடுகிறார்கள். பெரிய மோட்டாரைப் போட்டு கால் மணி நேரத்தில் வற்ற வைத்துவிட்டு அந்த முடிவுக்கு வருகிறார்கள். 3 லிட்டர் என்றால் 24 மணி நேரத்தில் 4,320 லிட்டர்! சின்ன மோட்டாரை வைத்து, விட்டு விட்டு ஓட்டி, இரவெல்லாம் ஊறுவதைத் தொட்டியில் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஊற்றை அளக்கக் கருவி தேவையில்லை. இறைத்துவிட்டு எவ்வளவு நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 3 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 10 சென்டிமீட்டர் ஏறினால் சுமார் 700 லிட்டர். இதைக் கோடையின் உச்சத்தில் அளங்கள். மழை முடிந்த கையோடு அளந்து என்னிடம் கொண்டு வராதீர்கள். தயவுசெய்து, இந்த அளவு கையில் வரும் வரை எந்தக் கிணற்றையும் மூடாதீர்கள். கிணற்றுக்குள் குப்பையும் இடிபாடும் கொட்டினால் அக்கம்பக்கத்தார் குடிக்கும் நிலத்தடி நீரும் சேர்ந்து கெடும்.

கட்டுவது என்று முடிவானால், நிலத்தடி நீர்மட்டம் மழைக்காலத்தில் எவ்வளவு உயர்கிறது என்று விசாரியுங்கள். உள்ளே 4 மீட்டர் நீளம், 2.5 அகலம், 2 உயரம் உள்ள கான்கிரீட் தொட்டி, சுவர் கனத்தோடு சேர்ந்து ஏறக்குறைய 30 கன மீட்டர் இடம் பிடிக்கும். அதன் சொந்த எடை 24, 25 டன்தான். சுற்றியுள்ள மண்ணில் நீர் தரைமட்டம் வரை ஏறினால் மேலே தள்ளும் விசை, அந்த 30 கன மீட்டர் தண்ணீரின் எடையான 30 டன். காலித் தொட்டி மேலே எழும்பும், குழாய் முறியும், தளம் வெடிக்கும். ஆகவே அடைமழைக் காலத்தில் சுத்தம் செய்கிறேன் என்று முழுக்க இறைக்கக் கூடாது. மாடியில் வைக்கும் பிளாஸ்டிக் டேங்கை மண்ணில் புதைக்கவும் கூடாது. அது உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்குச் செய்தது, வெளியிலிருந்து மண் அமுக்கினால் நசுங்கிவிடும். புதைப்பதற்கென்றே செய்த டேங்குகள் தனியாக உண்டு.

செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி இரண்டும் தொட்டியிலிருந்து விலகி, பள்ளமான பக்கம் இருக்கட்டும். தொட்டியில் மட்டம் இறங்கும்போது மயிரிழை விரிசல் வழியாகக்கூட வெளிநீர் உள்ளே வரும். மூடியின் விளிம்பு தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருக்க வேண்டும், பூட்டும் வேண்டும். குழந்தைகள் ஓடும் இடம் அது. காற்றுக் குழாய்க்கும் வழியும் குழாய்க்கும் கொசு வலை கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். மூடிக் கிடந்த தொட்டிக்குள் யாரையும் சும்மா இறக்காதீர்கள். காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் உள்ளே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மூக்குக்குத் தெரியாது. புதுத் தொட்டியும் ஆபத்துதான்: கான்கிரீட் இறுகும் வரை தாங்க வைத்த சென்ட்ரிங் பலகை ஈரத்தில் ஊறி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும், பிரிக்க இறங்குகிறவர் அப்படியே மயங்கி விழுவார். மெழுகுவத்தி ஏற்றிப் பார்ப்பதும் நம்பத்தக்கது இல்லை. உள்ளே பெட்ரோல் மோட்டார் ஓடியிருந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு, சுடரை அணைக்காமலேயே ஆளைக் கொல்லும். வாயு அளக்கும் கருவியால் பார்த்து, ஊதுகுழாயால் தொடர்ந்து காற்று செலுத்தி, இடுப்புப் பட்டையும் கயிறும் கட்டி, மேலே இரண்டு பேர் நின்றால்தான் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். அண்ணனைத் தூக்க இறங்கிய தம்பியும் சேர்ந்து போகிறான். கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள். இல்லையென்றால் காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே, தீயணைப்புத் துறையை உடனே அழையுங்கள்.