ஆர்.ஓ.ஐ.: நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது?

இணையத்தில் போக்கர் என்ற சீட்டாட்டப் போட்டி ஆடுகிறவர்கள் தங்கள் கெட்டிக்காரத்தனத்தை ஓர் எண்ணில் சொல்வார்கள். அதன் பெயர் ஆர்.ஓ.ஐ., அதாவது ‘ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட்’. போட்ட காசை எடுத்த பிறகு நூற்றுக்கு எவ்வளவு நின்றது என்பதுதான் அது. ஒரு போட்டிக்கு நுழைவு 11 டாலர் என்று வையுங்கள். 10 டாலர் பரிசுப் பணத்தில் சேரும், 1 டாலர் தளத்துக்குப் போகும். நூறு போட்டி ஆட 1,100 டாலர். பரிசாக வந்தது 1,320 என்றால் நின்றது 220, ஆர்.ஓ.ஐ. 20 விழுக்காடு.

திரும்பி வந்தது 1,320, ஆனால் விகிதத்தில் ஏறுவது 220 மட்டும். ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லை நம்பி 120 விழுக்காடு என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. குற்றம் அவர்களுடையது அல்ல, சொல்லினுடையது.

‘இன்வெஸ்ட்’ என்பதற்குள் ஒரு துணி ஒளிந்திருக்கிறது. லத்தீனில் வெஸ்டிஸ் என்றால் ஆடை; இன்வெஸ்டிரே என்றால் உடுத்துவது. காசுக்கு வேறு உடை மாட்டிச் சரக்காக்குவது என்ற பொருளை இத்தாலிய வணிகர்கள் தந்தார்கள் என்பர். ஆங்கிலத்தில் அது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிழக்கிந்திய வணிகத்தை ஒட்டித்தான் புழங்கத் தொடங்கியது. சோழமண்டலக் கரையில் கும்பினிக்காரர்கள் ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்று எழுதினால், சீமைக்கு அனுப்பக் கொள்முதல் செய்யும் சரக்கு என்று பொருள். அந்தச் சரக்கில் பெரும்பகுதி நம் நெசவாளர்கள் நெய்த துணி! ஆடையில் பிறந்த சொல் ஆடைக்கே திரும்பிய இடம் இது. ‘ரிட்டர்ன்’, ‘டோர்னமென்ட்’ இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கடைசல் பிடிப்பதைக் குறித்த டோர்னாரே என்ற லத்தீன் சொல்லே இரண்டுக்கும் வேர்.

ஆர்.ஓ.ஐ.யை நிர்வாகக் கணக்காக்கிப் பரப்பியதில் பெரும்பங்கு டூபாண்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தின் டொனால்ட்சன் பிரவுனுக்கு உண்டு. 1910களில் அவர் வகுத்த முறை பின்னர் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் போனது. ஆலைக் கணக்கில் ஆண்டுக்கு இவ்வளவு என்று காலம் சேர்ந்திருக்கும். போக்கர்காரர்கள் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு காலத்தை விட்டுவிட்டார்கள். ஆகவே இங்கே 20 விழுக்காடு என்பதை வங்கி வைப்பின் வட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. இது ஒரு நுழைவுக்கு ஆன விகிதம். அந்த நுழைவு ஓர் இரவில் முடிந்துவிடுகிறது.

தமிழுக்கு வருவோம். பாடநூல் நடையில் ‘முதலீட்டின் மீதான வருவாய்’ என்பார்கள். ‘மீதான’ என்பது ‘ஆன்’ என்பதன் நிழல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ‘வருவாய்’ பெரிய தவறு, அது வந்தது முழுவதையும் குறிக்கும். நம் மொழியில் இந்த வேறுபாடு பழையது. ‘முதலிலார்க்கு ஊதிய மில்லை’ என்ற குறளில் முதல் வேறு, அதற்கு மேல் நிற்கும் ஊதியம் வேறு. ஊதியமே மிகச் சரியான சொல். என்ன செய்வது, இன்று அது சம்பளமாகிவிட்டது! எனவே ‘முதலீட்டு ஆதாய விகிதம்’ என்பது என் பரிந்துரை. பேச்சில் ‘ஆதாய விகிதம்’ போதும். கடைத்தெருவில் ‘நூத்துக்கு எவ்வளவு நிக்கும்?’ என்று கேட்பதும் இதையேதான்.

சரி, போக்கர் போட்டியில் நடைமுறையில் எவ்வளவு நிற்கும்? முதலில் சராசரி ஆட்டக்காரரைப் பாருங்கள். எல்லோருமாக 11 டாலர் வீதம் கட்டி 10 டாலர் வீதம் பிரித்துக்கொள்கிறார்கள். ஆக, சராசரி ஆதாய விகிதம் கழித்தல் 9. சுழிக்கு வருவதற்கே மற்றவர்களைவிட நன்றாக ஆட வேண்டும். பெருங்கூட்டம் ஆடும் போட்டிகளில் தேர்ந்தவர்கள் நெடுங்காலத்துக்கு 10 முதல் 30 வரை எதிர்பார்க்கலாம் என்பது ஆட்டக்காரர்களிடையே உள்ள மதிப்பீடு. நுழைவுத் தொகை ஏற ஏற எதிராளிகளும் தேர்ந்தவர்களாகிவிடுவதால் அது சுருங்கும். வேகமாக முடியும் சிறு மேசைப் போட்டிகளில் ஒற்றை இலக்கம் கிடைத்தாலே நல்லது. (இந்தியாவில் காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே 2025 ஆகஸ்ட்டில் வந்த சட்டம் தடுத்துவிட்டது; இது வெளிநாட்டுக் கணக்கு.)

அதற்கு மேல் 100, 200 என்று யாராவது சொன்னால், எத்தனை போட்டியில் என்று கேளுங்கள். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் 86 டாலர் இணையத் தகுதிப் போட்டியில் நுழைந்து, போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். விகிதம் போட்டால் ஏறத்தாழ 29 லட்சம் விழுக்காடு! அந்த எண் அவருடைய ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பரிசின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்கே போவதால் கணக்கு பயங்கரமாக ஊசலாடும். 1,000 பேர் ஆடும் போட்டி, முதல் பரிசு மொத்தத்தில் 18 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டேன்: உண்மையிலேயே 20 விழுக்காடு ஆதாயத்துக்கான திறமை உள்ளவர்கூட 1,000 போட்டி ஆடிய பின் நட்டத்தில் இருக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நாளுக்குப் பத்து ஆடினாலும் 1,000 என்பது மூன்று மாதத்துக்கு மேல்.

இன்னொரு சூட்சுமம் சராசரியில் இருக்கிறது. 11 டாலர் போட்டி பத்தில் 110 ஆதாயம், 110 டாலர் போட்டி பத்தில் 220 நட்டம் என்போம். முன்னது 100, பின்னது கழித்தல் 20. சராசரி 40 என்று பெருமையாகச் சொல்லலாம். பையைப் பார்த்தால் 1,210 டாலர் போட்டு 110 போயிருக்கும், அதாவது கழித்தல் 9. ஆதாய விகிதம் என்றால் மொத்த ஆதாயத்தை மொத்த நுழைவால் வகுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த எண்ணை வைத்து வியாபாரமும் நடக்கிறது. நுழைவுத் தொகையில் ஒரு பகுதியைப் பிறரிடம் வாங்கிக்கொண்டு, பரிசில் அதே பகுதியைத் தருவதாகத் தன் போட்டியில் பங்கு விற்கும் ஆட்டக்காரர், தன் ஆதாய விகிதம் 20 என்று சொல்லி, 100 டாலர் பங்குக்கு 120 கேட்பார். அந்த 20 முற்றிலும் உண்மையாகவே இருக்கட்டும். நெடுங்காலத்தில் அந்தப் பங்குக்கு வருவது 120. வாங்கியவருக்கு நிற்பது சுழி.