க்யூ காலியாக இருந்தது, நாங்கள் சந்தோஷப்பட்டோம்

ராபிட்எம்க்யூ ஒரு புரோக்கர். ஒரு நிரல் அனுப்பும் மெசேஜ்களை வாங்கி, க்யூ எனும் வரிசையில் வைத்திருந்து, இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும். அதை டெர்மினலில் உட்கார்ந்து நிர்வகிக்கிறவர்களிடம் எந்தக் கட்டளைக்கு அதிகம் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் எல்லாவற்றையும் துடைத்துவிடும் ரீசெட் என்பார்கள். எனக்கு ரீசெட்டைப் பார்த்து அவ்வளவு பயமில்லை. அதன் பேரிலேயே அபாயம் இருக்கிறது. அதோடு, முதலில் ஸ்டாப் ஆப் கொடுத்து புரோக்கரை நிறுத்தினால்தான் அது வேலையே செய்யும். இரண்டு படி தாண்டுவதற்குள் கை யோசித்துவிடும். நான் பயப்படுவது, பெயர் பொருந்தும் க்யூக்களுக்கெல்லாம் விதி போடும் செட் பாலிசிக்கு. ஒரே வரி, உடனே அமல். மெசேஜ் தொலைந்தால் லாகில் ஒரு வரிகூட விழாது.

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுத் தட்ட வேண்டும் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.)

இது என் கையாலேயே நடந்தது. மெயில் அனுப்புவதற்கென்று சில க்யூக்கள் வைத்திருந்தோம். மெயில்.ஓடிபி என்ற க்யூ வழியாக ஓடிபி போகும். மெயில்.பில் வழியாக வாடிக்கையாளர்களுக்கு பில் போகும். ஓடிபி ஒரு நிமிஷத்துக்கு மேல் க்யூவில் கிடந்தால் அதை அனுப்பிப் பிரயோஜனமில்லை, பழசைக் கழித்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். அதற்கு மெசேஜ் டிடிஎல், அதாவது மெசேஜுக்கு ஆயுள் வரம்பு, ஒரு பாலிசியாகப் போட வேண்டும். நான் கொடுத்தது இவ்வளவுதான்: பேட்டர்ன் ‘மெயில்’, டிடிஎல் 60, முன்னுரிமை 10. பாலிசி போடுகிறேன் என்று ஒரு வரி காட்டிவிட்டு ப்ராம்ப்ட் திரும்பி வந்தது. நானும் எழுந்து போய்விட்டேன்.

அந்த ஒரு வரியில் மூன்று தப்பு.

டிடிஎல் கணக்கு மில்லிசெகண்டில். ஒரு நிமிஷம் வேண்டுமென்றால் 60000 கொடுக்க வேண்டும். நான் கொடுத்த 60 என்பது கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. பாலிசியில் சாவியின் பெயரைத் தப்பாக எழுதினால் புரோக்கர் மறுத்துவிடும். எண்ணைத் தப்பாக எழுதினால் அதற்கு எப்படித் தெரியும்? 60 என்பதும் ஒழுங்கான எண்தானே.

இரண்டாவது, பேட்டர்ன் என்பது ரெஜெக்ஸ், அதாவது எந்தெந்தப் பெயர் பொருந்தும் என்று சொல்லும் குறியீட்டு வடிவம். முன்னால் ^ அடையாளமும் பின்னால் $ அடையாளமும் போட்டுக் கட்டாவிட்டால், அந்தச் சொல் பெயரில் எங்கே வந்தாலும் பொருந்தும். ‘மெயில்’ என்று மட்டும் எழுதியதால் மெயில்.பில் க்யூவும் மாட்டிக்கொண்டது. ^மெயில்\.ஓடிபி$ என்று எழுதியிருந்தால் ஓடிபியோடு நின்றிருக்கும்.

மூன்றாவதுதான் விஷமம். மெயில்.பில் க்யூவுக்கு ஏற்கெனவே ஒரு பாலிசி இருந்தது. ஆயுள் முடிந்தோ, நிராகரிக்கப்பட்டோ வெளியேறும் மெசேஜ்களை வேறொரு க்யூவில் ஒதுக்கி வைக்கும் டெட் லெட்டர் ஏற்பாடு அதில்தான் இருந்தது. அதன் முன்னுரிமை 0. ஒரு க்யூவுக்கு இரண்டு பாலிசி பொருந்தினால் புரோக்கர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சேர்க்காது. முன்னுரிமை அதிகமுள்ள ஒன்று மட்டுமே அமலாகும். என் 10 வந்ததும் பழைய 0 ஒதுங்கியது, அதோடு டெட் லெட்டரும் போயிற்று. செத்த மெசேஜ்களுக்குப் பிணவறைகூட இல்லாமல் போய்விட்டது.

அன்று நாங்கள் என்ன பார்த்தோம் தெரியுமா? வழக்கமாக பில் போடும் நேரத்தில் ஆயிரக்கணக்கில் தேங்கி நிற்கும் க்யூ சுத்தமாக 0 காட்டியது. க்யூவிலிருந்து மெசேஜை எடுத்து வேலை செய்யும் கன்ஸ்யூமர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த அலாரமும் இல்லை. போன வாரம் செய்த மாற்றம் பலன் தருகிறது என்று ஒருவர் சொல்லக்கூடச் செய்தார். அதிலும் குழப்பம் என்னவென்றால், எல்லா பில்லும் தொலையவில்லை. கன்ஸ்யூமர் கையில் கொடுக்கப்பட்டு, அக்னாலெட்ஜுக்கு, அதாவது வேலை முடிந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும் மெசேஜை டிடிஎல் தொடாது. க்யூவில் காத்து நிற்பதைத்தான் கழிக்கும். ஆகவே கூட்டமில்லாத நேரத்தில் வந்த மெசேஜ் உடனே கன்ஸ்யூமரிடம் போய்ப் பிழைத்தது. கூட்டமான நேரத்தில் வந்தது 60 மில்லிசெகண்டில் ஆவியானது. நாங்கள் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு மெயில் அனுப்பினால் ஜம்மென்று போய்ச் சேர்ந்தது!

பில் வரவில்லை என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்த பிறகு, மெயில் சர்வரைத் திட்டி, கோடைத் திட்டி, கடைசியில் லிஸ்ட் க்யூஸ் கட்டளையில் பெயர், பாலிசி என்ற இரண்டு பத்தியை மட்டும் கேட்டுப் பார்த்தேன். மெயில்.பில் என்பதற்கு நேரே நான் போட்ட பாலிசியின் பெயர். வயிற்றைப் புரட்டிய தருணம் அது. கிளியர் பாலிசி கொடுத்ததும் பழைய பாலிசி தானாகவே மறுபடி அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் போன மெசேஜ் போனதுதான். டேட்டாபேஸிலிருந்து பில்களை எடுத்து மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது.

அப்புறம் எனக்குள் ஒரு வழக்கம் வந்தது. பாலிசி போடுவதற்கு முன் அந்த இரண்டு பத்திப் பட்டியலை ஒரு ஃபைலில் எடுத்து வைப்பேன், போட்டதும் இன்னொன்று எடுத்து இரண்டையும் டிஃப் பார்ப்பேன். ஒரு க்யூ மாற வேண்டிய இடத்தில் நாலு மாறியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் டிடிஎல், நீள வரம்பு போன்றவற்றைக் கோடில் க்யூவை உருவாக்கும்போதே எழுதிவிடுவதைவிட பாலிசிதான் மேல் என்பேன். கோடில் எழுதினால் பிறகு மாற்ற முடியாது. வேறு மதிப்போடு அதே க்யூவை அறிவித்தால் புரோக்கர் 406 பிழை காட்டி, நிரல் தன்னோடு பேசும் சேனலை மூடிவிடும். க்யூவை அழித்து மறுபடி உருவாக்க வேண்டிவரும்.

சரி, அடுத்து விஹோஸ்ட், அதாவது ஒரே புரோக்கருக்குள் க்யூக்களைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் அறை. மைனஸ் பி கொடுத்து எந்த விஹோஸ்ட் என்று சொல்லாவிட்டால், க்யூ, பாலிசி, அனுமதி சம்பந்தமான கட்டளைகள் ‘/’ என்ற இயல்பான விஹோஸ்டில்தான் வேலை செய்யும். புதிதாக வந்த ஒருவர் லிஸ்ட் க்யூஸ் தட்டிவிட்டு, வெறும் பட்டியலைப் பார்த்து, “அண்ணா, எல்லா க்யூவும் போச்சு” என்று ஓடி வந்தார். க்யூவெல்லாம் பக்கத்து விஹோஸ்டில் பத்திரமாக இருந்தது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் செட் பர்மிஷன்ஸ் கொடுக்கும்போது மைனஸ் பி விட்டுப்போனால், வேண்டிய இடத்தில் அனுமதி கிடைக்காது, வேண்டாத இடத்தில் கிடைத்துவிடும். பின்னதை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அதில் வரும் மூன்று ரெஜெக்ஸின் வரிசை உருவாக்க, எழுத, படிக்க. மூன்றுக்கும் .* போடுவது கைப்பழக்கமாகிவிட்டது. மெசேஜ் அனுப்ப மட்டுமே செய்யும் ஒரு நிரலுக்கு க்யூவை அழிக்கும் உரிமை எதற்கு? முதல் அனுமதி அழிக்கவும் சேர்த்துத்தான். அங்கே ^$ போட்டுவிட்டால் எதற்கும் பொருந்தாது, வேலை முடிந்தது.

ஆட் யூசர் கட்டளையில் பாஸ்வேர்டை அதே வரியில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஷெல் ஹிஸ்டரியில் உட்கார்ந்துகொள்ளும். கட்டளை ஓடும் நேரத்தில் ப்ராசஸ் பட்டியலைப் பார்க்கிற எவர் கண்ணிலும் படலாம். யூசர் பெயரோடு நிறுத்திக்கொண்டால் பாஸ்வேர்டை அதுவே கேட்கும்.

இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றைப் பலர் ரகசியம் என்றே நினைப்பதில்லை. அதுதான் எர்லாங் குக்கி. ராபிட்எம்க்யூ எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. கட்டளைக் கருவியும் புரோக்கரும், கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் கூட்டத்தில்) உள்ள நோடுகளும் (ஓடும் ஒவ்வொரு புரோக்கரும் ஒரு நோட்) ஒன்றையொன்று நம்புவது அந்தச் சின்ன ஃபைலில் உள்ள எழுத்துகள் ஒத்துப்போவதை வைத்துத்தான். யூசர், பாஸ்வேர்ட், அனுமதி எதுவும் இந்த வழியில் குறுக்கே வராது. இவால் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதற்குள் எந்த எர்லாங் கோடையும் கொடுத்து ஓட்டலாம். அப்படியென்றால் குக்கி கையில் உள்ளவர் அந்த நோடின் முதலாளி. ஃபைலைச் சொந்தக்காரர் மட்டும் படிக்கும்படி வைப்பதும், இவை பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் 4369, 25672 ஆகிய போர்ட்களை வெளியுலகத்துக்குத் திறக்காமல் இருப்பதும் இதனால்தான். 15672-இல் வரும் நிர்வாகப் பக்கத்தை மூடிவிட்டு இவற்றைத் திறந்து வைத்திருந்த சர்வர்களை நான் பார்த்திருக்கிறேன். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதைதான்.

ஹோஸ்ட்நேம் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் மாட்டுகிறவர்கள் ராபிட்எம்க்யூ பக்கமே வராத சிஸ்டம் அட்மின்கள். நோடின் பெயரில் ஹோஸ்ட்நேமும் சேர்ந்தே வரும். தகவல்களை வைக்கும் டைரக்டரியின் பெயரும் அதுவே. ஒழுங்குக்காக யாரோ சர்வரின் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால், புரோக்கர் புதுப் பெயரில் புது டைரக்டரியைத் திறந்துகொண்டு கைக்குழந்தை மாதிரி எழுந்து உட்காரும். நீங்கள் உருவாக்கிய யூசர் இல்லை, க்யூ இல்லை, பாலிசி இல்லை. பழையதெல்லாம் பக்கத்து டைரக்டரியில் அப்படியே இருக்கிறது. பதற்றத்தில் இதைத் தெரியாமல் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்க ஆரம்பிப்பதுதான் ஆபத்து. தனி நோடாக இருந்தால் பழைய ஹோஸ்ட்நேமைத் திருப்பி வைத்து ரீஸ்டார்ட் செய்தாலே போதும்.

மெமரி அலாரம் வரும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதே மாதிரியான ஏமாற்றுதான். வரம்பைத் தாண்டியதும் (3-ஆம் வரிசைப் பதிப்புகளில் இயல்பாக ரேமில் 40 சதவீதம்) மெசேஜ் அனுப்பும் கனெக்‌ஷன்களை புரோக்கர் நிறுத்திவைக்கும். கன்ஸ்யூமர்களை விட்டுவிடும், ஏனென்றால் அவர்கள் எடுத்தால்தானே காலியாகும். அனுப்பும் நிரலின் பக்கத்தில் பிழை ஏதும் வராமல் அப்படியே உறைந்து நிற்கும். “ஆப் ஹேங் ஆகிறது” என்றுதான் புகார் வரும், புரோக்கரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ராபிட்எம்க்யூ டயக்னாஸ்டிக்ஸ் கருவியில் செக் லோக்கல் அலாரம்ஸ் என்று கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் வரம்பைக் கட்டளையால் ஏற்றிவிட்டு மூச்சு விடுவது சகஜம், நானும் செய்திருக்கிறேன். அந்த மாற்றம் நோட் ரீஸ்டார்ட் ஆகும்வரைதான். யூசர், அனுமதி, பாலிசி எல்லாம் டேட்டாபேஸில் எழுதப்படுவதால் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்கும். மெமரி வரம்பு, டிஸ்க் வரம்பு, லாக் அளவு ஆகியவற்றைக் கட்டளையில் மாற்றினால் நிற்காது. கன்ஃபிக் ஃபைலிலும் எழுதினால்தான் உண்டு. மூன்று மாதம் கழித்து ஒரு நள்ளிரவில் நோட் ரீஸ்டார்ட் ஆகும்போது பழைய வரம்பு திரும்பி வரும், அப்போது அதை ஏற்றியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

டிஸ்க்கைப் பற்றி ஒரு சொல். காலி இடம் 50 எம்பிக்குக் கீழே போனால்தான் இயல்பான வரம்பு அலாரம் அடிக்கும். அது கற்றுக்கொள்ளும் மடிக்கணினிக்குச் சரி. நிஜமான சர்வரில் அவ்வளவுதான் மிச்சமிருக்கிறது என்றால் ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது.

க்யூவைக் காலிசெய்யும் பர்ஜ் க்யூ, க்யூவையே அழிக்கும் டெலீட் க்யூ இரண்டும் கேள்வி கேட்காமல் செய்து முடிக்கும். டெலீட்டில் காலியாக இருந்தால் மட்டும், யாரும் பயன்படுத்தாவிட்டால் மட்டும் என்று இரண்டு காப்பு விருப்பங்கள் உண்டு. அவற்றைச் சேர்க்காமல் நான் அந்தக் கட்டளையைத் தட்டுவதில்லை. பர்ஜுக்கு அப்படி எதுவும் இல்லை. கன்ஸ்யூமர் கையில் உள்ள அக்னாலெட்ஜ் ஆகாத மெசேஜ்களை பர்ஜ் தொடாது என்பதால், பர்ஜ் முடிந்து கன்ஸ்யூமர் ரீஸ்டார்ட் ஆனதும் சில நூறு மெசேஜ் மறுபடி தலைகாட்டும். பேயல்ல, அவை திரும்பி வந்தவை.

மூன்று நோட் கிளஸ்டரில் கோரம் க்யூ (பல நோடுகளில் நகல் வைக்கும் க்யூ) வைத்திருப்பவர்கள் பராமரிப்புக்காக ஒரு நோடை நிறுத்துவதற்கு முன், செக் இஃப் நோட் இஸ் கோரம் கிரிட்டிகல் என்ற கட்டளையைக் கேட்டுவிட வேண்டும். மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தால்தான் அந்த க்யூ இயங்கும். ஒன்று ஏற்கெனவே சத்தமில்லாமல் விழுந்திருந்து, நீங்கள் இன்னொன்றை நிறுத்தினால் கதை முடிந்தது.

எதைத் தொடுவதற்கு முன்னும் எக்ஸ்போர்ட் டெஃபினிஷன்ஸ் எடுத்து வைப்பது நல்லது. யூசர், விஹோஸ்ட், க்யூ, பாலிசி எல்லாம் ஒரே ஃபைலில் வந்துவிடும். மெசேஜ்கள் அதில் வராது. இதைப் பேக்கப் என்று நம்பி டெலீட் விஹோஸ்ட் கொடுத்த ஒருவருக்கு, எல்லா க்யூவும் அழகாகத் திரும்பி வந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். அப்புறம், அந்த ஃபைலில் யூசர்களின் பாஸ்வேர்ட் ஹேஷும் இருக்கும். அதை எடுத்த வேகத்தில் டீம் முழுக்கப் பார்க்கும் ரெப்போவில் போட்டுவிடாதீர்கள்.