யார் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்

மொரிசியஸில் தைப்பூசக் காவடி நெருங்கினால், கோயில் அறிவிப்புகளில் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி என்னைப் போன்ற தமிழாசிரியர்களிடம் கொடுப்பார்கள். எழுத்துப்பிழை பெரிய தொல்லையே இல்லை. இப்படி ஓர் அறிவிப்பைப் பாருங்கள்:

"காவடி எடுப்பவர்கள் காலை 6 மணிக்கு ஆற்றங்கரைக்கு வர வேண்டும். உதவியாளர்களையும் அழைத்து வரலாம். அவர்கள் பெயரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்."

இலக்கணம் சரிதான். ஆனால் யார் பெயரை? காவடி எடுப்பவர் பெயரையா, உதவியாளர் பெயரையா? யார் போய்ப் பதிய வேண்டும்? நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'மயங்க வைத்தல்' என்பது இதுதான்.

தமிழில் வினைமுற்றே பெரும்பாலும் ஆளைக் காட்டிவிடும். 'வந்தேன்' என்றால் நான்தான், வேறு யாரும் இல்லை. 'வேண்டும்', 'கூடாது', 'வரலாம்' போன்றவை அப்படியல்ல. நான், நீ, அவர் எல்லோருக்கும் ஒரே வடிவம். அறிவிப்பும் விதிமுறையும் இவற்றை வைத்தே ஓடுகின்றன. அதனால் அங்கே எழுவாயை விடவே கூடாது. "உதவியாளரின் பெயரைக் காவடி எடுப்பவரே கோயில் அலுவலகத்தில் பதிய வேண்டும்" என்று எழுதினால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் பிள்ளைகள் பலர் வீட்டில் பேசுவது மொரிசியஸின் பேச்சுமொழியான கிரியோல். அதில் வினைச்சொல் ஆளுக்கு ஏற்ப மாறாது, எழுவாயைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தில் தமிழிலும் வரிக்கு வரி 'நான்' போடுகிறார்கள்; நாமும் சிவப்பு மையால் அடிக்கிறோம். அடிப்பது சரி. ஆனால் 'வேண்டும்' வரும் வரியில் மட்டும் அடிக்காதீர்கள் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே பிள்ளையின் பழக்கம்தான் சரி.

அப்புறம், 'மேலும்'. மொரிசியஸில் உள்ள சாமரெல் என்ற ஊரைப் பற்றிய கட்டுரைத் தாள்களில் அடிக்கடி பார்க்கும் எழுத்து இது: "சாமரெலில் ஏழு நிற மண் உள்ளது. மேலும் அங்கே பயணிகள் வருகிறார்கள். மேலும் அது எரிமலைப் பாறையிலிருந்து உண்டானது." செய்திகள் அடுக்கப்பட்டிருக்கின்றன, கோக்கப்படவில்லை. எது எதற்குக் காரணம் என்று 'மேலும்' சொல்லாது. இதே செய்திகளை வரிசை மாற்றிப் பாருங்கள்: "சாமரெல் மண், எரிமலைப் பாறை நாள்பட்டுச் சிதைந்து உண்டானது. அந்தச் சிதைவில் தங்கிய இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளால்தான் அதற்கு இத்தனை நிறங்கள். அந்த நிறங்களைப் பார்க்கத்தான் பயணிகள் வருகிறார்கள்." ஒரு வரி முடிந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரி தொடங்குகிறது, 'மேலும்' தேவைப்படவே இல்லை.