பெர்மன்டேஷன்: தேயிலைத் தொழிற்சாலையிலும் ஆய்வுகூடத்திலும்

இலங்கை மலைநாட்டின் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குள் சென்றால், உருட்டிச் சலித்த கொழுந்து மெல்லிய படையாகப் பரப்பப்பட்டு, பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறும்வரை காற்றுப்படக் கிடப்பதைக் காணலாம். அந்தக் கட்டத்தை அங்கு வேலை செய்வோர் 'பெர்மன்டேஷன்' என்கிறார்கள். அதே தோட்டத்திலிருந்து உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கச் செல்லும் மாணவியோ, ஒட்சிசன் இல்லாத நிலையில் மதுவம் (ஈஸ்ட்) குளுக்கோசை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதற்கு அதே ஆங்கிலச் சொல்லைப் படிக்கிறாள். முன்னையது காற்றில்லாமல் நடக்காது. பின்னையதற்குக் காற்றே தேவையில்லை. இவ்வளவு மாறுபட்ட இரண்டு செயல்களுக்கு ஒரே பெயர் எப்படி வந்தது என்பதை அறிய, முதலில் கொழுந்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

தேயிலையின் இளங்கொழுந்தில் கற்றெச்சின் எனப்படும் பொலிபீனோல் சேர்வைகள் நிறைந்துள்ளன; உலர்நிறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவையே. அவை கலத்தின் புன்வெற்றிடம் எனப்படும் சாற்றுப் பைக்குள் அடைபட்டிருக்க, அவற்றை ஒட்சியேற்றக்கூடிய பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற செம்பு கொண்ட நொதியம் (என்சைம்) பெரும்பாலும் இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிகளில் இருக்கிறது. செடியில் இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. பறித்த கொழுந்தைப் பல மணித்தியாலங்கள் வாட்டும்போது நீர் குறைந்து கலமென்சவ்வுகள் தளர்கின்றன. அதன்பின் உருட்டும் இயந்திரம் கலங்களை நசுக்கிச் சாற்றை வெளிக்கொணர்கையில் நொதியமும் கற்றெச்சினும் ஒட்சிசனும் ஒன்றுகூடுகின்றன. கற்றெச்சின்கள் ஒட்சியேறி ஒன்றோடொன்று இணைவதால், தேநீருக்குப் பிரகாசத்தையும் சுறுக்கென்ற சுவையையும் தரும் செம்மஞ்சள் நிறத் தியபிளேவின்களும், செங்கபில நிறத்தையும் கனதியையும் தரும் தியருபிஜின்களும் உருவாகின்றன. இத்தாக்கம் வெப்பத்தை வெளிவிடுவதால்தான் கொழுந்தைக் குவிக்காமல் மெல்லியதாகப் பரப்பி, அறையைக் குளிர்ச்சியாகவும் ஈரப்பதனுடனும் வைத்திருக்கிறார்கள். உரிய நிறமும் மணமும் வந்ததும் உலர்த்தியின் சூடான காற்று நொதியத்தைச் செயலிழக்கச் செய்து, ஈரத்தையும் ஏறத்தாழ 3 சதவீதத்துக்குக் குறைத்துவிடுகிறது. பறித்த கொழுந்தை முதலிலேயே ஆவியில் சூடாக்கினால் நொதியம் அழிந்து, பச்சைத் தேயிலை கிடைக்கும்.

இந்த வேலையில் நுண்ணுயிர்களுக்குப் பங்கில்லை. நுவரெலியாக் குளிரில் அரைத்து வைத்த தோசைமா விடிந்தும் பொங்காமல் இருப்பதை அங்குள்ள வீடுகளில் எல்லோரும் அறிவர். மாவில் உள்ள பற்றீரியாக்கள் பெருகிய பிறகே அது புளிக்கும், குளிரோ அந்தப் பெருக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. கொழுந்தோ அதே குளிர்ப் பிரதேசத்தில், உருட்டத் தொடங்கியதிலிருந்து ஓரிரு மணித்தியாலங்களில் மாறிவிடுகிறது. குளிர் நொதியத்தின் வேகத்தையும் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் நொதியம் ஏற்கெனவே இலைக்குள் முழு அளவில் இருப்பதால், எதுவும் பிறந்து பெருகுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் தேயிலைக்காரர்கள் சொல்லைத் தவறாகப் பிடித்துக்கொண்டார்களா? அவ்வாறு முடிவுகட்டுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. இச்சொல்லின் மூலம், மாவைப் பொங்கச் செய்யும் புளிப்பைக் குறித்த ஓர் இலத்தீன் சொல். கொதித்தலைக் குறிக்கும் சொல்லோடு அது உறவுடையது. நெடுங்காலம் அது, ஒரு பொருள் தானாகவே உருமாறுவதுபோல் தோன்றிய பலவற்றுக்கும் பொதுப்பெயராக இருந்தது. லூயி பாஸ்டர் 1857 முதல் வெளியிட்ட ஆய்வுகள் அதனை நுண்ணுயிர்களின் வாழ்க்கையோடு இணைத்தன. ஆயினும் உயிரற்ற சாறுகளில் செயற்படும் பொருள்களும் அக்காலத்தில் 'பெர்மன்ட்' என்றே அழைக்கப்பட்டன. அவற்றுக்கு 'என்சைம்' என்ற தனிப்பெயரை ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் வில்ஹெல்ம் கூனே 1870களில்தான் சூட்டினார். 1897இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் எட்வர்ட் பூக்னர், உயிருள்ள கலங்கள் இல்லாத மதுவச் சாறும் சீனியை எதனோலாக்கும் என்று காட்டி, 1907இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இலங்கைத் தேயிலைப் பயிர்ச்செய்கையின் முன்னோடியான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட 1867இல் இந்தப் பொருட்பிரிவுகள் இன்னும் தெளிவாகியிருக்கவில்லை. பின்னர் அறிவியல் தன் சொல்லைக் குறுக்கிக்கொண்டது. தொழிற்சாலை பழைய பொருளையே வைத்துக்கொண்டது.

அறிவியலுக்குள்ளும் இச்சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை என்பதே மாணவர்களை அதிகம் குழப்புகிறது. உயிரிரசாயனவியலில் இது, ஒட்சிசன் போன்ற வெளி இலத்திரன் ஏற்பியை (உணவு உடைபடும்போது வெளிவரும் இலத்திரன்களை வாங்கிக்கொள்ளும் வெளிப்பொருளை) பயன்படுத்தாமல் கலம் சக்தி பெறும் வழி. வேகமாக ஓடும்போது நம் தசைக்கலங்கள் இலத்திக்கமிலத்தை உண்டாக்குவதும் இதில் அடங்கும். அங்கே எந்த நுண்ணுயிரும் இல்லை. கைத்தொழில் நுண்ணுயிரியலிலோ, நுண்ணுயிர்களைப் பெருந்தொகையாக வளர்த்துப் பயன்பெறும் எந்த முறையும் பெர்மன்டேஷன்தான். அஸ்பெர்ஜிலஸ் நைகர் என்ற பங்கசைக் கொண்டு சித்திரிக்கமிலம் தயாரிக்கும் தொட்டிக்குள் காற்றை இடையறாது செலுத்துகிறார்கள். ஆயினும் பெயர் அதுவே. ஆகவே 'நுண்ணுயிர் உண்டா?' என்ற கேள்வியோ 'ஒட்சிசன் உண்டா?' என்ற கேள்வியோ தனித்து நின்று பொருளைத் தீர்த்துவிடாது. யார், எந்தத் துறையில் எழுதுகிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். தொழிற்சாலைப் பதிவேட்டிலும் தேயிலை வணிகக் கடிதத்திலும் பெர்மன்டேஷன் என்று எழுதுவதில் குறையில்லை. பரீட்சை விடையில் கறுப்புத் தேயிலையைப் பற்றி எழுதுவோர், நொதிய ஒட்சியேற்றம் என்று குறிப்பிடுவதே தெளிவு. தமிழில் 'நொதித்தல்' என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு மதுவமும் பற்றீரியாவுமே நினைவுக்கு வரும். கறுப்புத் தேயிலைக்கான ஐ.எஸ்.ஓ. 3720 என்ற சர்வதேசத் தரநியமமும் தயாரிப்புப் படிகளைச் சொல்லும்போது காற்றூட்டல் என்ற பொருள்படும் சொல்லையே கையாள்கிறது. 

துல்லியம் மிகவும் தேவைப்படும் இடம், சீனாவின் யுன்னானில் தயாராகும் பூ-ஏர் தேயிலையைப் பற்றி எழுதும்போதுதான். அதன் ஒரு வகையில், ஈரமாக்கிக் குவித்த இலைகளைப் பங்கசுகளும் பிற நுண்ணுயிர்களும் வாரக்கணக்கில் மாற்றியமைக்கின்றன. இனிப்பிட்ட தேநீரில் மதுவத்தையும் பற்றீரியாக்களையும் வளர்த்து எடுக்கும் கொம்புச்சாவும் அவ்வாறே. இவற்றையும் நம் மலைநாட்டுக் கறுப்புத் தேயிலையையும் ஒரே கட்டுரையில் 'பெர்மன்ட் செய்யப்பட்ட தேயிலை' என்று விளக்கமின்றி எழுதினால், எதில் நுண்ணுயிர் வேலை செய்தது, எதில் இலையின் சொந்த நொதியம் வேலை செய்தது என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.